தனி செல் நாடகம் போட்ட கதை

1. செல்வி வந்த நாள்

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்காக நடந்த சின்ன அமைப்பு அது. நான் அங்கே கள அலுவலராக இருந்தேன். பெயர்தான் பெரிது. எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள், உள்ளே என்ன கொண்டுபோகலாம் என்று சொல்வது, சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் விளக்குவது, சட்டத்தரணியிடம் கூட்டிப்போவது, இவ்வளவுதான் வேலை. இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "மிஸ், எங்க இருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வி வந்தது ஒரு திங்கட்கிழமை. கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். மழையில் நனைந்திருந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மிஸ், நேத்து மறியல் வீட்டுக்கு அவரப் பாக்கப் போனேன். எங்க வீட்டுக்காரரு என்னைய பாத்து யாருன்னு கேட்டாரு."

"கம்பி வலைக்குள்ளால சரியாத் தெரிஞ்சிருக்காது செல்வி. சத்தமும் கூட."

"இல்ல மிஸ். நல்லாப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் கேட்டாரு. நான் செல்வின்னு சொன்னேன். 'ஓ'ன்னாரு. அதுக்குப் பொறகு ஒண்ணும் பேசல. எப்ப போனாலும் தோட்டத்துல நடக்கிறத எல்லாம் கேட்டு உசுர வாங்குவாரு. நேத்து புள்ளைகளக்கூட கேக்கல."

அவள் கணவன் சிவகுமாரைத் தனி செல்லில் போட்டிருந்தார்கள். பெரிய மண்டபத்தில் மற்றவர்களோடு இருந்தபோது ஏதோ தள்ளுமுள்ளு. ஒரு சிறைக் காவல் கார்ட் சிங்களத்தில் போட்ட சத்தம் இவனுக்கு விளங்கவில்லை, இவனும் திருப்பிச் சத்தம் போட்டிருக்கிறான். விசாரணை முடியும் வரை பிரித்து வைக்கிறோம் என்று கொண்டுபோனார்கள். அந்த விசாரணை தொடங்கவே இல்லை. ஒரு கதவு, அதில் தட்டு போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, எந்நேரமும் எரிகிற ஒரு பல்ப். குளிக்க மட்டும் வெளியே விடுவார்கள், அதுவும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. மாதக்கணக்காக இப்படி.

சிறை எது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும்தான் இது நடந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சட்டத்தரணி எழுதினார். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினோம், அதே வரி திரும்பி வந்தது. எங்கள் பொறுப்பாளர் தனராஜ் சேர் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது கடிதத்துல முடியாது. வெளிய நாலு பேருக்குத் தெரியணும். ஆக்கள் கேக்கத் தொடங்கினாத்தான் அவங்க யோசிப்பாங்க. தோட்டத்துல நாடகம் போடுவோம். கடைசியா டவுன்ல ஒண்ணு வச்சு அதிகாரிகளக் கூப்பிடுவோம்."

அப்படித்தான் தொடங்கியது. எங்களில் ஒருவருக்கும் நாடகம் தெரியாது.

2. சிரித்தார்கள்

முதல் நாடகம் றொசல்லயில், ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாலு மூங்கில் நட்டு, கறுப்புத் தார்ப்பாய் சுற்றி, ஒரு செல் செய்தோம். எங்கள் தொண்டர்கள் மூன்று பேர் நடித்தார்கள். அந்தத் தோட்டத்துத் தப்புக்காரர் ஒருவர் தப்பு மேளம் அடித்து ஆட்களைத் திரட்டித் தந்தார். நல்ல கூட்டம். செல்வி வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடித்த பையன் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து, "எவ்வளவு சின்ன அறை! நான் மட்டும் தனியாக இருக்கிறேன்!" என்று அழுதான். நாங்கள் எழுதிக்கொடுத்த வசனம்தான்.

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "எங்க காம்பராவுல ஒம்பது பேரு படுக்கிறோம். இவனுக்குத் தனி ரூமாம், அழுவுறான்."

அவ்வளவுதான், சிரிப்பு பற்றிக்கொண்டது. "சோறும் போட்டுத் தனி ரூமும் குடுக்கிறாங்கன்னா என்னையும் புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க!" என்று ஒருவர் கத்தினார். பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தப்புக்காரரும் சிரித்துவிட்டார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில், பிறந்தவளுக்குத் தெரியும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "சுடுதண்ணி குடி" என்று சத்தம் வரும். பாதிச் சுவருக்கு மேலே புகையும் பேச்சும் பொது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனியாகப் படுக்கக் கிடைக்காதா என்று ஏங்காத பொம்பளை லயத்தில் கிடையாது. அந்த ஆட்களிடம் போய்த் தனியாக இருப்பது தண்டனை என்று ஒரு சின்ன அறையைக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரிப்பு அடங்கிய பிறகுதான் பெரிய அடி விழுந்தது. பின்னால் நின்ற ஒரு ஆள் கையைத் தூக்கினார்.

"நாடகம் இருக்கட்டும். அந்த ஆளு என்ன செஞ்சிட்டு உள்ள போனான்? அத மொதல்ல சொல்லுங்க."

"அது இப்ப முக்கியமில்லீங்க ஐயா," என்றேன் நான்.

"ஓ, அப்பிடியா," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். அவர் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். கடைசியில் நாங்களும் பிள்ளைகளும்தான் மிச்சம்.

திரும்பி வரும்போது வேனில் தனராஜ் சேர், "நமக்கு இது சரிவராது போல," என்றார். ஹட்டன் வந்து இறங்கும்போது செல்வி வாயைத் திறந்தாள்.

"எங்க தோட்டத்துல போடுங்க மிஸ்."

"அங்கயா? அங்க எல்லாருக்கும் உங்களத் தெரியுமே."

"அதனாலதான் சொல்றேன். அவரு என்ன செஞ்சாருன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும். மறைக்க ஒண்ணுமில்ல."

சிவகுமார் செய்தது இதுதான். லயத்துக்குக் கீழே இருந்த பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சண்டை. வாய்ச்சண்டைதான், வாரத்துக்கு ஒன்று நடப்பது. அன்று இவன் குடித்திருந்தான். மண்வெட்டிப் பிடியால் மாரிமுத்து என்பவரை அடித்தான். மாரிமுத்துவுக்கு இடது கண் போய்விட்டது. கோர்ட்டில் மூன்று வருடம் கொடுத்தார்கள். மாரிமுத்துவின் காம்பரா அதே லயத்தில், செல்வியின் காம்பராவுக்கு மூன்று கதவு தள்ளி.

3. யோகன் சொன்னது

யோகன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். நாடகம் சிரிப்பாய்ச் சிரித்த கதை டவுன் வரைக்கும் வந்திருந்தது. நாங்கள் ஒத்திகை பார்க்கும் கோவில் மண்டபத்துக்கு ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே பார்த்தான். பிறகு என்னை வெளியே கூப்பிட்டான்.

"மிஸ், நான் உள்ள இருந்தவன். தனி செல்லுலயும் இருந்திருக்கேன். ஒங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அவன் ஆட்டோவில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரேடியோவை நிறுத்தவே மாட்டான், பேச்சையும் நிறுத்த மாட்டான். தொணதொணப்புக்காரன் என்று நினைத்திருந்தேன்.

"அந்தத் தார்ப்பாயத் தூக்கிப் போடுங்க," என்றான். "ரூமு சின்னதுன்னு யாருக்குக் காட்டுறீங்க? எங்க லயத்துக் காம்பரா அதவிடச் சின்னது. ரூமு ஒண்ணுமே இல்ல மிஸ்."

"பின்ன எது?"

ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினான்.

"தட்டு வரும். கொண்டு வர்றவன்கிட்ட 'என்ன சேர், மழையா'ம்பேன். பதில் வராது. அடிக்கிறதில்ல, திட்டுறதுமில்ல. பதில் மட்டும் வராது. திட்டினாலாவது பரவாயில்லன்னு இருக்கும். கொஞ்ச நாள் போனா, என் பேர நானே கூப்பிட்டு நானே 'என்னா'ன்னு கேட்டுக்குவேன். அப்புறம் ஒருநாள் கூப்பிடுறதையும் விட்டுட்டேன். விட்டது எனக்கே தெரியல. அதுதான் மிஸ் பயம்."

அவனே சொன்னான்: "அத நான் செஞ்சு காட்டுறேன். வசனமெல்லாம் வேணாம்."

நாலு ஞாயிறு ஒத்திகை பார்த்தோம். தனராஜ் சேருக்கு நம்பிக்கை வரவில்லை. வசனமில்லாத நாடகமா, இரண்டாம் முறையும் தோற்றால் அமைப்பின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார். போடத்தான் போகிறோம் என்று செல்வியும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அன்றிலிருந்து அவர் தடுக்கவில்லை.

4. கீழ் டிவிசன்

செல்வியின் தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், கீழ் டிவிசனின் பெரட்டுக் களத்தைத் தரவில்லை. காலையில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம் அது, நாடகத்துக்கு இல்லை என்று சொல்லியனுப்பினார். கோவிலுக்கு முன்னால் இருந்த வெளியைத் தோட்டத் தலைவர் தந்தார். பொலிஸிலிருந்து ஒருவர் வந்து, யாருக்கு எதிரான கூட்டம் என்று கேட்டார். யாருக்கும் எதிரில்லை, நீங்களும் உட்கார்ந்து பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.

தப்பு அடித்து முடிந்ததும் முதலில் செல்விதான் நடுவில் வந்து நின்றாள். மைக் வேண்டாம் என்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மாரிமுத்து அண்ணன அடிச்சாரு. அண்ணனுக்குக் கண்ணு போயிருச்சு. தப்பு அவரு மேலதான். மூணு வருசம் குடுத்தாங்க. அத நான் கொறைக்கச் சொல்லல. ஆனா கோர்ட்டுல மூணு வருசம்னுதான் சொன்னாங்க. யாரோடயும் பேசாம ஒரு ஆளப் பூட்டி வைக்கணும்னு அங்க யாரும் சொல்லல."

ஓரத்தில், ஒரு கல்லின் மேல் மாரிமுத்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு நான் ஒரே ஒரு கட்டளை சொன்னேன். இனி ஒருவர் வந்து உங்களிடம் பேசுவார், என்ன கேட்டாலும் யாரும் பதில் சொல்லக்கூடாது, தலைகூட ஆட்டக்கூடாது. தப்பு நின்றது.

யோகன் வந்தான். அவன் அம்மா வழிச் சொந்தம் அந்தத் தோட்டத்தில் உண்டு. முன்வரிசைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான். "சின்னம்மா, நல்லா இருக்கீங்களா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் சிரிப்பு. "மாமா, கொழுந்து எப்பிடி? கிலோ வருதா?" மாமா வானத்தைப் பார்த்தார். மறுபடி சிரிப்பு. "அக்கா, சாப்பிட்டீங்களா?" "தம்பி, நான் யோகன். தெரியுதா?" "பாப்பா, ஒன் பேரென்ன?"

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனான். இரண்டாம் வரிசை வரும்போது சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வரிசையில் இல்லவே இல்லை. அவன் குரலும் சிறுத்துக்கொண்டே வந்தது. "மழை வருமா?" "யாராவது இருக்கீங்களா?" "இன்னைக்கு என்ன கெழம?" பதில் வராத ஒவ்வொரு தடவையும் அவன் அந்த ஆளின் முகத்தையே கொஞ்சம் பார்த்துவிட்டு நகர்ந்தான். பார்க்கப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடி முதல் வரிசைக்கு வந்து சின்னம்மாவிடம் கேட்டான்.

"சின்னம்மா. நான்... எம்பேரு..."

அதோடு நின்றுவிட்டான். நடிப்பு அவ்வளவுதானா, நிஜமாகவே பெயர் வரவில்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"யோகன்! நீ யோகன்டா!" சின்னம்மா எழுந்து நின்று அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்னா எழவு நாடகம் இது. பேசாம இருக்கச் சொல்லி என்னையும் பாவியாக்குறீங்களே!" என்று என்னைத் திட்டினாள். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது மாரிமுத்து வந்தார். செல்வியைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"டவுன்ல பெரிய ஆளுகளக் கூப்பிட்டுப் போடப் போறீங்களாமே."

"ஆமாங்க. நுவரெலியாவுல."

"நானும் வாறேன்."

"எதுக்குன்னு..."

"எதுக்குன்னு இப்ப எனக்கே தெரியல. வேன்ல எடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு," என்றேன்.

5. நுவரெலியா மண்டபம்

அன்று நல்ல குளிர். மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனிப்புகார் படிந்து வெள்ளையாக இருந்தது. மாரிமுத்து வேனில் முன் ஆசனத்தில் வந்தார், செல்வி கடைசி ஆசனத்தில். மண்டபத்துச் சுவரில் கைதிகளின் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தோம். சிவகுமாரின் மகள் ஒரு கதவை மட்டும் வரைந்திருந்தாள்.

அந்தச் சிறைக்குப் பொறுப்பான அத்தியட்சகர் வருவார் என்று நாங்கள் நம்பவில்லை. வந்தார். சீருடை இல்லாமல், கம்பளிச் சட்டை போட்டு, நலன்புரி அதிகாரியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

யோகன் இரண்டு மொழியிலும் செய்தான். அத்தியட்சகர் முன்னால் போய் நின்று, "சேர், சாப்பிட்டீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டான். அவர் கட்டளைப்படி பதில் சொல்லாமல் இருந்தார். யோகன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அங்கே நின்றான். பிறகு நகர்ந்தான். இந்தத் தடவை யாரும் எழுந்து அவன் கையைப் பிடிக்கவில்லை. டவுன் ஆட்கள் கட்டளையைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். யோகன் தன் பெயரை மறந்தபடியே தரையில் உட்கார, நாடகம் முடிந்தது. கைதட்டலும் பெரிதாக இல்லை.

கலந்துரையாடலில் அத்தியட்சகர் எழுந்தார். கோபமாகத்தான் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: "நடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் என்னிடம் இருப்பவர்கள் பூப்பறித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. ஒரு மண்டபத்தில் அளவுக்கு மீறி ஆட்கள், காவலுக்கு ஆள் குறைவு. சண்டை போடுபவனைப் பிரிக்காமல் என்ன செய்வது? நீங்கள் குற்றவாளிக்காக அழுகிறீர்கள். அவன் கையால் அடிபட்டவனை யாராவது கேட்டீர்களா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அடிபட்டது நான்தாங்க," என்றார் மாரிமுத்து.

தமிழில் பேசினார், நான் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நான் அவன மன்னிக்கல. அவன் பொண்டாட்டி இங்கதான் இருக்கு, அது முன்னாலயே சொல்றேன். மூணு வருசத்துல ஒரு நாள் கொறைச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா இத நான் கேக்கல. என் பேரச் சொல்லி இத செய்யாதீங்க."

அத்தியட்சகர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு நேரே மாரிமுத்துவிடம், "அப்படியானால் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"அவன் வெளிய வந்தா எங்க போவான்? எங்க லயத்துக்குத்தான வருவான். எங்காம்பராவுக்கு மூணு கதவு தள்ளி. நீங்க அவனப் பைத்தியமாக்கி அனுப்பினா, பக்கத்துல குடியிருக்கப் போறது நீங்களா, நானா? மனுசனா அனுப்புங்க சேர். மனுசனா வந்தாத்தான் நான் அவன்கிட்டக் கேக்க வேண்டியதக் கேக்க முடியும்."

நான் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். அத்தியட்சகர் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தோம், வாங்கிக் குடித்தார். பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பிப் போகும்போது வேனில் மாரிமுத்து அதே முன் ஆசனம். செல்வி கடைசி ஆசனத்திலிருந்து எழுந்து வந்து, அவருக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினாள். "வேணாம்," என்றார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

6. அதற்குப் பிறகு

உடனே ஒன்றும் நடக்கவில்லை. இதைப் புதிதாக வருகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்த மறுவாரம் நாங்கள் மறுபடி எழுதினோம். நலன்புரி அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் எடுக்காத நாட்களில் நேரே போய் வாசலில் நின்றோம். கீழ் டிவிசன் பெண்கள், முறை வைத்துக்கொண்டு, செல்வியோடு கூடவே போய் வந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போனார்கள். சின்னம்மா ஒரு தடவை வாசல் கார்டிடம், "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நகரவில்லையாம்.

முதலில் ஒரு டொக்டர் சிவகுமாரைப் பார்த்தார். அடுத்து, தினமும் மற்றவர்களோடு முற்றத்தில் நடக்க விட்டார்கள். பிறகு அந்த விசாரணையை ஒரு தமிழ் தெரிந்த அதிகாரியை வைத்து நடத்தி முடித்து, அவனை மறுபடி மற்றவர்களோடு பெரிய மண்டபத்துக்கு மாற்றினார்கள். பிரித்து வைத்தால் எப்போது முடியும் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை அந்தச் சிறை ஏற்றுக்கொண்டது. தனி செல் வரிசையை மூடவில்லை. அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், நாடகமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் யோகன் ஆட்டோவை வாசலில் நிறுத்திக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியவில்லை.

சிவகுமார் மண்டபத்துக்கு மாறி ஒரு மாதம் கழித்து, செல்வியோடு நானும் பார்க்கப் போயிருந்தேன். நான் வெளியே நின்றேன். அவள் வரும்போது முகமெல்லாம் கண்ணீர். பயந்துபோய் ஓடினேன்.

"என்ன செல்வி? என்ன ஆச்சு?"

"சண்ட போட்டாரு மிஸ்!" என்றாள். அழுகையும் சிரிப்புமாகத் திணறினாள். "கொழம்புல உப்பு இல்லையாம். மூத்தவள ஏன் டியூசனுக்கு அனுப்பலயாம். ஆட்ட யாரக் கேட்டு வித்தேன்னு ஒரே சத்தம். நேரம் முடிஞ்சிருச்சுன்னு கார்ட் சொல்றாரு, இவரு நிறுத்தல. நானும் விடல, நல்லாக் குடுத்துட்டு வந்தேன்!"

பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தச் சண்டையை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் "ம்", "ம்" என்று பதில் சொன்னேன்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஊருக்குள் போனால் முதல் கேள்வி, "அந்த ஆளு என்ன செஞ்சான்?" என்பதாகத்தான் இருக்கும். றொசல்லயில் நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். செய்ததைச் செய்தான் என்று சொல்லுங்கள், யாருக்கு என்ன போயிற்று என்பதையும் சொல்லுங்கள். நம் ஆள் நல்லவன் என்று காட்டத்தான் நாம் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், அவன் நல்லவன் இல்லை என்று யாராவது சொன்ன உடனே நம் வாய் அடைத்துவிடும். கெட்டவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத்தான் போகிறோம். இதற்கு மன்னிப்புக்கூடத் தேவையில்லை. மாரிமுத்து இன்றுவரை மன்னிக்கவில்லை.